நடு வகுப்புகளுக்கும் தனிப் பயிற்சி வேண்டும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவே பன்னிரண்டு என்றொரு வயதும் உண்டல்லவா? மழலை வகுப்புக்குப் பொறுமையுள்ள ஆசிரியை வேண்டும் என்பார்கள். பத்தாம் வகுப்புக்குத் திறமையான ஆசிரியை வேண்டும் என்று பெற்றோர் கேட்பார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு எப்படிப்பட்டவர் வேண்டும் என்று கேட்பவர் குறைவு. அதைப் பற்றியே இங்கு என் கருத்தைக் கூற விரும்புகிறேன்.

தொடக்கப் பள்ளியில் பெரும்பாலும் ஒரே டீச்சர் எல்லாப் பாடங்களையும் நடத்துவார். யார் மெல்லப் படிப்பவள், யார் பயந்தவள் என்பது அவருக்குத் தெரியும். ஆறாம் வகுப்பிலோ மணி அடிக்கும்போதெல்லாம் ஆசிரியை மாறுகிறார். உடலும் மனமும் மாறும் வயதும் அதுவே. நேற்று வரை கை தூக்கிக் கேள்வி கேட்டவள், தோழியர் சிரிப்பார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறாள். ஏழாம் வகுப்பில் கேட்காமல் விட்ட சந்தேகம் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் பூதமாய் எழுந்து நிற்கிறது. அப்போது "இவளுக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

படித்தவரெல்லாம் கற்பித்துவிட முடியாது என்பதை நம் மாநிலம் அன்றே உணர்ந்திருக்கிறது. 1856-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளிதான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இன்று நம் மாநிலத்தில் பட்டப்படிப்பும் பி.எட். பயிற்சியும் பெற்றவர்கள் ஆறு முதல் பத்து வரை பாடம் நடத்துகிறார்கள். 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கான தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் 2012-இல் தொடங்கியது. அதன் இரண்டாம் தாளில் 150 கேள்விகள். அவற்றுள் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 11 முதல் 14 வயதுப் பிள்ளையைத் தாளில் அறிவது வேறு, நேரில் அறிவது வேறு.

பயிற்சி ஆசிரியைகள் பள்ளிகளுக்கு வருவதை மாணவிகளாகிய நாம் நன்கு அறிவோம். அழகான சார்ட்டுகளும் பாடக்குறிப்பும் கொண்டு வருவார்கள். கல்லூரிப் பேராசிரியை கடைசி பெஞ்சில் அமர்ந்து கவனிக்கும் நாளில் வகுப்பே சாதுவாகிவிடும்! விடை தெரிந்தவர்கள் மட்டும் கை தூக்குவோம். டீச்சருக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கட்டுமே என்ற அன்புதான் காரணம். ஆனால் பாடம் புரியாதவளை அவர் அன்று சந்திப்பதேயில்லை. எங்கள் பெயர்களெல்லாம் பழகும் நேரத்தில் விடைபெற்றுச் செல்கிறார்.

அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று ஒருத்தி எழுதுகிறாள். "தப்பு" என்று கூற ஒரு பட்டதாரி போதும். அவள் மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறாள் என்று கண்டுகொண்டு, ஒரு தோசையை வெட்டிக் காட்டுபவரே ஆசிரியை. பாட அறிவோடு இணைந்த இந்தக் கற்பிக்கும் அறிவைத் தனியே பெயரிட்டு விளக்கினார் அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன். அது 1986-இல். இவ்வறிவு பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தித் திருத்தியே வரும்.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு அளித்தது. தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது, அவற்றுக்கென்றே உள்ள பட்டயப் பயிற்சி வேண்டும் என்றது. சின்னஞ்சிறார்க்குத் தனிப் பயிற்சி தேவையெனில், நடு வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேண்டாம்?

"இரண்டாண்டுப் படிப்பே நீளம், இன்னுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆண்டைக் கூட்டச் சொல்லவில்லை; இருக்கும் காலத்தைப் பங்கிடத்தான் சொல்கிறேன். பள்ளி அனுபவத்துக்கென உள்ள ஏறத்தாழ 20 வாரங்களில் ஒரு பெரும் பகுதியை ஒரே நடு வகுப்போடு கழிக்கட்டும். அந்த வகுப்பில் பின்தங்கிய நான்கைந்து பேர் எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கும் மதிப்பெண் தரட்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு மூத்த ஆசிரியை துணையிருக்கட்டும்.

அவ்வாறு நாள் கிடைத்தால் நம் ஊரே பாடநூலாகும். ஸ்ரீரங்கம் இராஜகோபுரம் 1987-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஏறத்தாழ 72 மீட்டர் உயரம். ஓர் அடிக்கோலின் நிழலையும் கோபுர நிழலையும் ஒரே வேளையில் அளந்தால், ஏறாமலே அதன் உயரத்தைக் கண்டுபிடிக்கலாம். விகிதம் என்பது அதுதானே! திருச்சி லூர்து மாதா ஆலயக் கோபுரத்துக்கும் இதே கணக்குத்தான். முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதைக் கண்ட பிள்ளைக்கு ஆற்றுத்தீவு என்றால் என்னவென்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பத்தாம் வகுப்புக்கு யார் ஆசிரியை என்று விசாரிப்பது போல ஆறாம் வகுப்புக்கும் விசாரியுங்கள். தோழியரே, நம்மில் சிலர் நாளை பி.எட். படிக்கப் போகிறோம். நடு வகுப்பு என்றால் சிறிய வேலை என்று எண்ணாதிருப்போம். அஸ்திவாரமும் கூரையும் அமைந்து, நடுச் சுவர் மட்டும் பலமின்றி இருந்தால் வீடு எப்படி நிற்கும்? கல்வித் துறையினர் ஆவன செய்வார்களாக!

— பத்தாம் வகுப்பு மாணவி