செத்த மாட்டுக்கு விலை பேசாதே! உயிரோடு நிற்கும் மாட்டைக் காப்பாற்று!

 

ஐப்பசி, கார்த்திகை வந்தாலே டெல்டா கடலோரத்தில் நமக்கு வயித்துல புளி கரைக்கும். 1977 நவம்பர் 12-ல் நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயலில் 23,000 கால்நடைகள் மாண்டன. 41 வருசம் கழித்து, 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. கொட்டகை சரிந்தும் மரம் விழுந்தும் கட்டுத்தறியிலேயே மாடுகள் செத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தோம். இடையில் எத்தனை ஆட்சி மாறியது! நம்ம மாடு ஏறி நிற்க ஒரு மேடான இடம் வந்ததா?

புயல் என்றதும் மைக் கட்டிய ஆட்டோ வருகிறது. "தாழ்வான பகுதி மக்கள் முகாமுக்குப் போங்க" என்கிறார்கள். போறோம் ஐயா, மாட்டை எங்கே கட்டுறது? பதில் இல்லை. அதனால்தான் நம்மில் பலர் வாயில்லா ஜீவனை விட்டுவர மனசில்லாமல், இடியப்போகும் கொட்டகையிலேயே உயிரைக் கையில் பிடித்துக் கிடக்கிறோம்.

செத்த பிறகுதான் அரசுக்கு மாடு கண்ணுக்குத் தெரிகிறது. 2022-ல் திருத்திய பேரிடர் நிவாரண விதிப்படி கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய். கறவை மாடு எத்தனை செத்தாலும் ஒரு குடும்பத்துக்கு மூன்றுக்குத்தான் பணம். இந்தக் காசுக்குச் சந்தையில் நல்ல கறவை மாடு பிடிக்க முடியுமா? அதுக்கும் இறப்புச் சான்று வேணும். ரோடெல்லாம் மரம் கிடக்க, டாக்டர் வரும்வரை நாறுகிற உடலை வாசலில் போட்டு வைப்பதா? புதைத்தால் சான்று இல்லை. சான்று இல்லாவிட்டால் பணம் இல்லை!

பிழைத்த மாட்டின் பாடும் கண்ணீர்தான். வைக்கோல் போர் நனைந்து பூசணம் பிடிக்கும். சேற்றில் நின்று குளம்பு புண்ணாகும். தொண்டை அடைப்பான், சப்பை நோய் வரும். பால் வற்றும். கால்நடை முகாம் போட்டுத் தீவனம் கொடுக்க விதியில் இடம் இருக்கு. முகாமைத் திறந்தால்தானே தீவனம்!

நமது கோரிக்கைகள்:

1. கடலோர ஊராட்சிகளில் கால்நடைகளுக்கு மேடான இடத்தில் உறுதியான கொட்டகை கட்டு!
2. ஐப்பசிக்கு முன்பே தடுப்பூசி போட்டு முடி! உலர்தீவனம் இருப்பு வை!
3. புயல் ஓய்ந்த மறுநாளே கால்நடை முகாம் திற!
4. டாக்டர் வர முடியாத இடத்தில் போட்டோவையும் ஊராட்சி மன்றச் சான்றையும் ஏற்றுக்கொள்!
5. சந்தை விலைக்கு ஈடான நிவாரணம் கொடு! மூன்று மாட்டு உச்சவரம்பை நீக்கு!

நாமும் கவனமாக இருப்போம். புயல் ராத்திரியில் மாட்டைக் கட்டிப்போட வேண்டாம், கயிற்றை அவிழ்த்து விடுங்கள். அறுந்த கரண்டு கம்பி கிடக்கும் பக்கம் ஓட்டாதீர்கள். நோய் கண்டால் 1962-க்குப் போன் போடுங்கள்.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக்குவோம். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தோடு திரண்டு நிற்போம். புயலைத் தடுக்க நம்மால் முடியாது. மேட்டில் ஒரு கொட்டகை கட்ட அரசால் முடியும்.

அணி திரள்வோம்! கால்நடை காப்போம்!