சாப்பிடாத நாயும் சாப்பிட முடியாத நாயும்

‘டாக்டர், எங்க ஜிக்கி ஒன்றரை மாசமா சரியாவே சாப்பிடறதில்லை. தட்டை முகர்ந்து பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிறா. பக்கத்துல உட்கார்ந்து கையில உருட்டி ஊட்டினாதான் நாலு வாய் இறங்குது. பையன் இன்ஜினீயரிங் படிக்க கோவை ஹாஸ்டலுக்குப் போனதுலேர்ந்துதான் இப்படி. ஏக்கத்துல ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. பசி எடுக்கறதுக்கு ஏதாவது டானிக் இருக்கா?’

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஐந்து வயதுப் பெண் நாய். பொமரேனியன் என்று குறிப்பிட்டிருக்கிறார். நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்க்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அதனால் குறை ஒன்றும் இல்லை, நம் வெயிலைத் தாங்கும் நல்ல நாய் அது.

அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். ஜிக்கியின் எடை முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு? காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அதன் வாய்க்குள் போகிற ஒவ்வொரு பொருளும் என்ன, கொடுப்பது யார்?

எடை பார்ப்பது சுலபம். நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையில் போன வருடம் 8 கிலோ என்று எழுதியிருந்ததாம். இப்போது 8.6. ஒன்றரை மாதமாகச் சாப்பிடாத நாய்க்கு அரை கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது!

இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்தான் சுவாரசியம். காலையில் தாத்தா காபி குடிக்கும்போது குளுக்கோஸ் பிஸ்கட் நான்கு. பாட்டி பூஜை முடித்ததும் ஒரு சின்ன டம்ளர் பால். அப்பா டிபன் சாப்பிடும்போது அரைச் சப்பாத்தி, நெய் தடவியது. வேலைக்கு வரும் அக்கா தன் பங்குக்கு ஒரு ரஸ்க். மாலையில் ஒரு வேகவைத்த முட்டை, ‘பாவம், காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலையே’ என்று. இதற்கெல்லாம் பிறகுதான் அம்மாவின் சோறும் சிக்கனும் தட்டில் வருகிறது.

கணக்குப் போடுவோம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் 8 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 400 முதல் 450 கலோரி. நான்கு பிஸ்கட் என்றால் சுமார் 100. பாலும் அப்படியே 100. சப்பாத்தி 60, ரஸ்க் 40, முட்டை 75. மொத்தம் 375. அதாவது, தட்டு வைக்கப்படும் முன்பே ஜிக்கி அன்றைய சாப்பாட்டைக் கிட்டத்தட்ட முடித்துவிடுகிறது. நமக்கு நான்கு பிஸ்கட் என்பது காபிக்குத் துணை. 8 கிலோ நாய்க்கு அது அன்றைய உணவில் கால் பங்கு. இப்படிப்பட்ட நாய்க்கு எந்த டானிக்கும் பசியை வரவழைக்காது.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. வெறும் சோறு வைக்கிறோம், நாய் முகர்ந்துவிட்டு நகர்கிறது. உடனே அதில் தயிர் விழுகிறது. இன்னும் நகர்ந்தால் முட்டை. அப்புறம் சிக்கன். கடைசியில் கையால் ஊட்டல். நாய் இதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: வேண்டாம் என்றால் இதைவிட நல்லது வரும். ருசி கண்ட பூனை கதைதான், இங்கே நாய். நாயின் நாக்கில் சுவை மொட்டுகள் சுமார் 1,700. மனிதனுக்கு 9,000 அளவில். சுவையைவிட மணத்தை வைத்துத்தான் அது முடிவெடுக்கிறது. அடுப்பில் வேகும் கறியின் வாசனை மூக்கில் ஏறியிருக்கும்போது, தட்டில் இருக்கும் வெறும் சோற்றை அது ஏன் தொடப்போகிறது?

பையன் போன ஏக்கம் பொய் என்று சொல்ல மாட்டேன். வளர்த்தவர் ஊருக்குப் போனால் நாய்கள் சில நாள் சோர்ந்து கிடக்கும், சாப்பாடு குறையும். ஆனால் ஏக்கத்தில் எடை கூடாது. அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன், கொஞ்சம் தயக்கத்தோடுதான். “பையன் தினமும் போன் பண்றாரா? என்ன பேசுவீங்க?” அவர் சிரித்துவிட்டார். “முதல்ல ஜிக்கி சாப்பிட்டாளான்னுதான் கேட்பான் டாக்டர். அதைத்தான் பத்து நிமிஷம் பேசுவோம்.” ஊட்டுகிற அந்த ஒரு மணி நேரத்தை ஜிக்கியோடு வெளியே நடப்பதற்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். பையனிடம் சொல்ல அதிலும் கதை கிடைக்கும்.

ஜிக்கியின் கதை இவ்வளவுதான். ஆனால் ‘நாய் சாப்பிடவில்லை’ என்று வருகிற எல்லோருக்கும் இதையே சொல்லிவிட முடியாது. அங்கேதான் ஆபத்து.

சென்ற வருடம் எட்டு வயது லேப்ரடார் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கருத்தடை செய்யாத பெண் நாய். எதைப் போட்டாலும் ஒரு பிடி மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற ஜாதி அது. ஆறு நாளாகச் சாப்பிடவில்லை. வீட்டில் அதை அடம் என்றே நினைத்துவிட்டார்கள். சிக்கன் போரடித்துவிட்டது என்று மட்டன், அப்புறம் மீன், அப்புறம் கடையில் வாங்கிய விலை உயர்ந்த டின் உணவு. தண்ணீர் மட்டும் குடம் குடமாகக் குடித்திருக்கிறது. வெயில் என்று விட்டுவிட்டார்கள். ஒரு மாதம் முன்பு ‘ஹீட்’ வந்து போனதையும் நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். ஸ்கேனில் கர்ப்பப்பை முழுக்கச் சீழ். பயோமெட்ரா என்பார்கள். அறுவை சிகிச்சை செய்தோம். சிறுநீரகம் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. மூன்றாம் நாள் இறந்துவிட்டது. அந்த வீட்டுப் பெரியவர், “மீன் வாங்கப் போன நேரத்துக்கு இங்க வந்திருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனவே, உங்கள் நாய் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். ஜிக்கி மாதிரி நாய் சோற்றை ஒதுக்கும், பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்டால் ஓடி வரும். வாலாட்டும், குரைக்கும், வாசலில் ஆள் வந்தால் சண்டைக்குப் போகும். எடை குறையாது. அதன் பழக்கமே இதுதான், இன்று நேற்று வந்ததல்ல. நோயாளி நாய் அப்படி இல்லை. நேற்று வரை தட்டை நக்கித் துடைத்தது, இன்று தனக்குப் பிடித்த பண்டத்தைக்கூட முகர்ந்து பார்ப்பதில்லை. இந்த திடீர் மாற்றம்தான் முக்கியம். மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: ஆசையாகத் தட்டுக்கு வரும், வாயில் எடுக்கும், கீழே போட்டுவிடும். அதற்குப் பசி இருக்கிறது, பல்லோ ஈறோ வலிக்கிறது. ஸ்பிட்ஸ், பக், ஷிட்சூ போன்ற சின்ன நாய்களுக்குப் பல்லில் காரை படிவது அதிகம். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

உதட்டைத் தூக்கும்போதே ஈறையும் பாருங்கள். ஆரோக்கியமான நாய்க்கு இளஞ்சிவப்பாக இருக்கும் (சில நாய்களுக்கு இயல்பிலேயே கறுப்புத் திட்டு இருக்கும், பயப்பட வேண்டாம்). விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளுத்திருந்தாலோ மஞ்சளாக இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள். நம் ஊரில் சாப்பிடாமல் வருகிற நாய்க்கு நாங்கள் முதலில் சந்தேகப்படும் நோய்களில் ஒன்று உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்து எர்லிக்கியா, பெபிசியா போன்ற கிருமிகள் ரத்தத்தில் புகுந்துவிடும். காய்ச்சல், சோர்வு, மூக்கில் ரத்தம், காபி டிகாக்‌ஷன் நிறத்தில் சிறுநீர் என்று போகும். மூக்கு ஈரமாக இருக்கிறது, அதனால் காய்ச்சல் இல்லை என்று நினைக்காதீர்கள். ஆசன வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதுதான் சரி. 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் நாய்க்கு இயல்பு. அதற்கு மேல் போனால் மருத்துவரிடம் வாருங்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ கொடுத்துவிட்டு வராதீர்கள்.

நோயும் இல்லை, அடமும் இல்லை, சாப்பாடு மட்டும் குறைகிறது என்கிற காலங்களும் உண்டு. நாலு முதல் ஆறு மாதக் குட்டிக்குப் பல் மாறும். ஏறக்குறைய அந்த வயதிலேயே வளரும் வேகமும் குறையத் தொடங்குவதால் முன்போல அள்ளிச் சாப்பிடாது. ஆண் நாய்க்குத் தெருவில் ஏதாவது பெண் நாய் ஹீட்டில் இருந்தால் சோறு இறங்காது, வாசல் பக்கமே கண். தடுப்பூசி போட்ட மறுநாள் மந்தமாக இருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் மதியச் சோற்றை எந்த நாயும் விரும்பாது. விடிந்ததும் ஒரு வேளை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு வேளை என்று மாற்றிவிடுங்கள். சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்பவர்கள் ‘எலும்பு தெரியுதே’ என்று கவலைப்படுவார்கள். ஓடுவதற்கென்று வளர்க்கப்பட்ட நாய்கள் அவை. ஒட்டிய வயிறும் லேசாகத் தெரியும் விலாவும் அவற்றின் உடல்வாகு. அதை லேப்ரடார் ஆக்கப் பார்க்காதீர்கள்.

சரி, அடம் பிடிப்பதுதான் என்று உறுதியாகிவிட்டது. என்ன செய்வது? காலை ஒரு நேரம், இரவு ஒரு நேரம். தட்டை வையுங்கள், நீங்கள் நகர்ந்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்ச வேண்டாம். இருபது நிமிடம். மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள், கோபமாக ஒரு வார்த்தையும் வேண்டாம். அடுத்த வேளை வரை தண்ணீர் தவிர ஒன்றும் கிடையாது. ஆரோக்கியமான, வளர்ந்த நாய் பெரும்பாலும் இரண்டாவது வேளையில் இறங்கி வந்துவிடும். ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் இந்த முறையை அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தியும் எடுக்கிறது என்றால் அந்த ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இந்த முறை எல்லோருக்கும் ஆகாது. சின்ன ஜாதிக் குட்டிகளைப் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி வலிப்பே வரலாம். குட்டி சில வேளை தொடர்ந்து சாப்பிடாமல் வாந்தி, பேதியும் இருந்தால் பார்வோவாக இருக்கக்கூடும், உடனே ஓடுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடும் நாய், வயதான நாய், குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய், இவற்றிடமும் இந்தக் கண்டிப்பு கூடாது.

நாயைத் திருத்துவதுகூட எளிது. வீட்டில் இருப்பவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் பெரிய வேலை. ஐந்து பேர் ஒத்துக்கொண்டு ஒருவர் மட்டும் மேஜைக்கு அடியில் அப்பளம் நீட்டினால் போதும், எல்லாம் வீண். தாத்தாவிடம் ‘கொடுக்காதீங்க’ என்று சொன்னால் அவருக்கு மனம் வலிக்கும். அவருக்கும் அந்தக் காலை நேரத்துத் துணை ஜிக்கிதான். அன்றைய உணவிலிருந்தே ஒரு பிடியை எடுத்து ஒரு டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்த திருப்தி அவருக்கு, கணக்கும் தப்பாது. தின்பண்டம் எதுவானாலும் நாள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது.

தட்டையும் ஒருமுறை கவனியுங்கள். நம் வீடுகளில் சோறு வைத்த ஐந்தாவது நிமிடம் எறும்பு வந்துவிடும். மூக்கில் எறும்பு கடித்த நாய் அடுத்த நாள் தட்டருகே வரவே யோசிக்கும். தட்டை ஒரு தண்ணீர்த் தாம்பாளத்துக்குள் வையுங்கள். மாத்திரையைச் சோற்றில் மறைத்துக் கொடுக்கும் வீடுகளிலும் இதே சந்தேகம் நாய்க்கு வந்துவிடுகிறது. ஒருமுறை கசந்தால் அப்புறம் எல்லாச் சோற்றையும் கிளறிப் பார்க்கும். மாத்திரைக்கென்று தனியாக ஒரு சின்ன உருண்டை போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள், சில்லென்ற சோற்றில் மணமே எழாது. வெந்நீரோ உப்பில்லாத கோழி வேகவைத்த நீரோ ஊற்றி வெதுவெதுப்பாகக் கொடுங்கள். அந்த நீரில் வெங்காயமும் பூண்டும் சேர்க்கக் கூடாது. இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆசையாகப் பிரியாணி வைப்பவர்களுக்கும் இதுதான்: அதில் வெங்காயம் இருக்கிறது, சமயத்தில் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் உலர் திராட்சை இருக்கிறது, குடலில் குத்தும் வெந்த எலும்பு இருக்கிறது.

‘நாங்க சைவம், தயிர் சாதம்தான் கொடுக்கறோம், அதனாலதான் சாப்பிடலையா?’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். நாய்க்குச் சோறு செரிக்கும். ஓநாயைவிட நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் பிரதிகள் அதிகம் என்று 2013-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆனால் தயிர் சாதத்தை மட்டும் வைத்து ஒரு நாயை ஆரோக்கியமாக வளர்க்க முடியாது. புரதமும் மற்ற சத்துகளும் போதாது. முட்டை கொடுக்கலாமா, பனீரா, பாக்கெட் உணவா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எதுவானாலும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது இவற்றைக் குறித்துக்கொண்டு போங்கள்: கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது, தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடவா குறைவா, மலமும் சிறுநீரும் எப்படி, பெண் நாய் என்றால் கடைசி ஹீட் எப்போது, உடம்பில் உண்ணி பார்த்தீர்களா. தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாதவர்கள் அரசு கால்நடை மருத்துவமனைக்கோ, சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற ஊர்களில் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்கோ போகலாம்.

உண்ணி பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.