நம் பிள்ளை நெருப்பா, நீரா?

"சீன ஜாதகப்படி நான் நீர், கணிதம் சரிவராது" என்று பிள்ளை சொன்னால் நாம் சும்மா இருக்கலாமா?

அந்த ஜாதகத்தில் பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு எழுத்து. நாளுக்குரிய முதல் எழுத்தே அடிப்படை மூலகம்: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். அவ்வெழுத்துகள் 10 மட்டுமே. 10 நாளுக்கொருமுறை திரும்பி வரும்.

அப்படியென்றால் டி சொய்சா வைத்தியசாலையில் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரே மூலகம். எட்டெழுத்தையும் பார்த்தாலும், ஒரே இரண்டு மணி நேரப் பிரிவில் பிறந்தவர்களுக்கு ஒரே ஜாதகம். அவர்கள் ஒரே மாதிரியா படிக்கிறார்கள்?

சீனரின் பழைய கணக்கென்று அறிந்துகொள்வது வேறு. உயர்தரத்தில் எந்தப் பிரிவென்று அதைக் கேட்பது வேறு. குறி கேட்பதை நம் மார்க்கமும் தடுத்திருக்கிறது.

பெற்றோரே, கைப்பேசியை மூடிவிட்டுப் பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள். எது வரும், எது வராது என்பது அதில் இருக்கிறது.