குலசாமி கோயிலுக்கு எதுக்கு ஃபோர் பை ஃபோர்?

முதல்லயே சொல்லிடுறேன், எனக்கு வண்டின்னா உசிரு. ஃபோர் பை ஃபோரைத் திட்டுறதுக்காக இதை எழுதல. கோரிப்பாளையத்துல குடியிருந்துக்கிட்டு, வருஷத்துக்கு மூணு தடவை மண் ரோட்டுல இறங்குற சாதாரணக் குடும்பத்துக்கு அது வேணுமாங்கிறதுதான் கேள்வி. வேணாம்ங்கிறது என் கட்சி. கிளாஸ்ல இதைச் சொன்னதுக்கு எனக்கு "அங்கிள்"னு பட்டம் கிடைச்சிருச்சு. இருக்கட்டும்.

எங்க வீட்ல இப்ப இதான் ராத்திரி சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. பழைய சின்னக் காரைக் குடுத்துட்டு எஸ்யூவி வாங்கணும்னு அப்பா முடிவு பண்ணிட்டார். அவர் மனசுல இருக்கறது ஸ்கார்ப்பியோ-என், அதுலயும் ஃபோர் பை ஃபோர். பெரியப்பா "கண்ணை மூடிக்கிட்டு பொலிரோ எடுடா"ங்கிற ஆளு. என் கூடப் படிக்கிற பயலுக எல்லாரும் தார் ராக்ஸ். அப்பத்தாகிட்ட யாரும் கேக்கல. ஆனா இந்த மண் ரோட்டுப் பேச்சே அப்பத்தாவாலதான் வந்துச்சு. குலசாமி கும்பிடப் போறப்பல்லாம் தார் ரோடு முடியுற இடத்துல இறங்கி அது நடக்க வேண்டியிருக்கு, இனிமே அதால முடியாது.

எங்க குலசாமி கருப்பசாமி. பேரையூருக்கு அந்தப் பக்கம், கரிசக்காட்டுக்குள்ள உக்காந்திருக்கார். வீட்ல இருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வரைக்கும் நல்ல ரோடு. அதுக்கப்புறமும் ரொம்ப தூரம் தார் ரோடுதான். கடைசி 3 கிலோமீட்டர் மட்டும் மண்பாதை, அதுலயும் பாதி கண்மாய்க் கரை. போக வர 6 கி.மீ. வருஷத்துக்கு மூணு தடவைன்னா 18. பத்து வருஷம் வண்டி வச்சிருந்தா 180 கிலோமீட்டர். அப்பா சொல்ற வண்டிக்கும் நான் சொல்ற வண்டிக்கும் ஆன்ரோடு வித்தியாசம் எப்படிப் பாத்தாலும் 8 லட்சத்துக்குக் குறையாது. வகுத்துப் பாருங்க, கிலோமீட்டருக்கு 4,400 ரூபா வருது. தங்கச்சி ப்ளஸ் டூ முடிக்கப் போறா. அந்த 8 லட்சம் எங்க வீட்ல வேற எங்கேயும் இருந்து வராது.

"மண்ணுல மாட்டிக்கிட்டா?"ன்னு அப்பா கேக்கறார். இங்கதான் கொஞ்சம் மண்ணைப் பத்திப் பேசணும். கரிசல் மண்ணுக்கு ரெண்டு முகம் உண்டு. காஞ்சா பாளம் பாளமா வெடிச்சு சிமெண்ட் மாதிரி கெட்டியாயிடும். நனைஞ்சா பசை. டயரோட பள்ளத்துல எல்லாம் அப்பிக்கிட்டு, ரெண்டே சுத்துல புது டயரையும் மொட்டை டயரா ஆக்கிடும். அப்ப நாலு சக்கரமும் சுத்தினா என்ன ஆகும்? நாலு மொட்டை டயர் சேந்து சுத்தும், அவ்ளோதான். சேத்துக்குன்னே இருக்கிற பெரிய பட்டன் டயர் இல்லாம, நல்லா ஊறின கரிசல்ல ஃபோர் பை ஃபோருக்கும் பெரிய மரியாதை கிடையாது. அந்த ஊர்க்காரங்க டிராக்டரையே ஒரு நாள் வெயில் அடிக்கட்டும்னு நிறுத்தி வச்சிருவாங்க. ஷோரூம்ல இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

அதை விட முக்கியமான விஷயம், நாம அங்க போற மாசம். குலசாமிக்கு எல்லாரும் கூடுறது மாசி சிவராத்திரிக்கு. பிப்ரவரியிலயோ மார்ச்லயோ வரும். மதுரைப் பக்கம் நல்ல மழை வர்றது ஐப்பசி, கார்த்திகையில. மாசியில கரிசல் காஞ்சு கிடக்கும். ஆக நம்ம 'ஆஃப் ரோடு'ங்கிறது சேறு இல்ல சாமி, புழுதியும் பள்ளமும்தான். பள்ளத்துக்கு வேண்டியது வண்டியோட வயித்துக்கும் தரைக்கும் நடுவுல இருக்கிற உயரம். அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ். இஞ்சின் சக்தி நாலு சக்கரத்துக்கும் போகுதாங்கிறது ரெண்டாவது சமாச்சாரம்.

இந்த உயரத்துலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. நம்ம ஜிஎஸ்டி கணக்குல எஸ்யூவின்னா மூணு அளவு: நீளம் 4,000 மில்லிமீட்டருக்கு மேல, இஞ்சின் 1,500 சிசிக்கு மேல, கிளியரன்ஸ் 170 மி.மீ. அல்லது அதுக்கு மேல. இந்த 170 காலி வண்டியில அளந்ததுன்னு 2023 ஜூலையில ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவாச் சொல்லிருச்சு. நாம என்னைக்கு காலி வண்டியில குலசாமிக்குப் போனோம்? அஞ்சு பேரு, பொங்கப்பானை, அண்டா, அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு எல்லாத்தையும் ஏத்தினா பின்பக்கம் நல்லாவே உக்காந்துடும். அதனால காலி வண்டியில 200 மி.மீ. கிட்ட இருக்கறதா பாக்கணும்னு நான் சொல்றேன். நெக்ஸான்ல 208, ஜிம்னியில 210, பிரெஸ்ஸாவுல 198. பொலிரோவுல சுமார் 180தான்னு சொன்னப்ப பெரியப்பா நம்பவே இல்ல.

கண்மாய்க் கரைக்கு வருவோம். மடை இருக்கிற இடத்துல கரை மேடா எழும்பி இறங்கும். முன் சக்கரம் இறங்கிட்டு, பின் சக்கரம் இன்னும் ஏறாம இருக்கிற அந்த நிமிஷத்துல வயித்துல 'கிரீச்'னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, அதைத் தீர்மானிக்கிறது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம். தார் ராக்ஸ்ல அது 2,850 மி.மீ. ஜிம்னியில 2,590. நெக்ஸான்ல 2,498. ராக்ஸ் உயரமான வண்டி, சமாளிச்சிரும். ஆனா சின்ன வண்டி இதுல ஒண்ணும் இளைச்சது இல்லன்னு காட்டத்தான் சொல்றேன். அகலமும் அப்படித்தான். ஸ்கார்ப்பியோ-என் 1,917 மி.மீ., கண்ணாடியைச் சேக்காம. கரையில எதிர்ல ஒரு டிவிஎஸ் எக்ஸெல் புல்லுக்கட்டோட வந்தா யாரு ரிவர்ஸ் எடுக்கிறது? கரையை விடுங்க, எங்க சந்துல ஒரு ஷேர் ஆட்டோ நின்னாலே அப்பாவோட பழைய காரு மூச்சு முட்டும். வருஷத்துல 360 நாள் வண்டி போகப்போறது தர்கா பக்கமும், ஏ.வி. பாலத்து மேலயும், சிம்மக்கல் நெரிசல்லயும்.

ஒரு சக்கரம் பள்ளத்துல தொங்கினா டூ வீல் டிரைவ் நின்னுடும்ல? ஆமா, அந்தக் காலத்துல. டிஃபரன்ஷியல்ங்கிற பல்சக்கரப் பெட்டி, பிடிமானம் இல்லாத சக்கரத்தைச் சும்மா சுத்த விட்டுடும், பிடிமானம் உள்ளது அப்படியே நிக்கும். இப்ப இஎஸ்பி உள்ள வண்டிகள்ல டிராக்ஷன் கண்ட்ரோலும் கூடவே வருது. சும்மா சுத்துற சக்கரத்தை மட்டும் அது பிரேக் போட்டுப் பிடிக்கும், சக்தி அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குப் போகும். நம்ம மண்பாதைக்கு இது தாராளம். அதோட நல்ல டயர், பின்னாடி முழு அளவு ஸ்டெப்னி. மணல்ல இறங்கணும்னா காத்தை 20 பிஎஸ்ஐ வாக்குல குறைச்சுக்கணும், தார் ரோடு ஏறினதும் திரும்ப அடிச்சுக்கணும். சிகரெட் லைட்டர்ல சொருகுற காத்தடிக்கிற மெஷின் ஒண்ணு சீட்டுக்கடியில கிடந்தா போதும்.

ஜிம்னி எனக்குப் பிடிச்ச வண்டி. மறைக்கல. 2023 ஜூன்ல அஞ்சு கதவோட வந்தப்ப ஷோரூமுக்குப் போய் சுத்திச் சுத்திப் பாத்தேன். 1,645 மி.மீ. அகலம், நிஜமான லோ ரேஞ்ச் கியர், எங்க சந்துக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா அதுல சீட்டு நாலு. எங்க வீட்ல தலை அஞ்சு. யாரை இறக்கி விடுறது? (என்னைத்தான்னு தங்கச்சி உடனே சொல்லிட்டா.)

பொலிரோ விஷயத்துல பெரியப்பா சொல்றதுல நியாயம் இருக்கு. 2000-லிருந்து நம்ம ஊருக் காடு கரையெல்லாம் ஓடுது, எந்த மரத்தடி மெக்கானிக்கும் பிரிச்சு மாட்டிருவார். டீசல் 1,493 சிசி, நீளம் 4 மீட்டருக்குள்ள, அதனால 2025 செப்டம்பர் 22-ல மாறின ஜிஎஸ்டியில 18 சதவீதம்தான். எனக்கு உறுத்துறது பின் வரிசை. பக்கவாட்டுல பாத்து எதிரெதிரா உக்காருற சீட்டு. நம்ம வழக்கப்படி அங்க ஏறுறது குழந்தைகளும் பொம்பளைங்களும். நாலு வழிச்சாலையில 90-ல போய் மோதினா, முன்னாடி பாத்து பெல்ட் போட்டு உக்காந்தவங்களுக்கு இருக்கிற பாதுகாப்பு அந்த சீட்டுக்குக் கிடையாது. அதோட தம்பியான பொலிரோ நியோவுக்கு 2024-ல குளோபல் என்கேப் மோதல் சோதனையில ஒரு நட்சத்திரம்தான் கிடைச்சுது. நாம மண்ணுல ஓட்டறது 3 கிலோமீட்டர். மீதி முழுக்க லாரியும் ஆம்னி பஸ்ஸும் பறக்கிற ரோடு. உசிரு போறது அங்கதான், கண்மாய்க் கரையில இல்ல.

வரியைப் பத்தி ரெண்டு வரி (சிரிப்பு வரலைன்னா பரவால்ல). தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல சாலை வரியை மாத்தினாங்க. 5-லேருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 20 லட்சம் வரை 18, அதுக்கு மேல 20. 9 லட்ச ரூபா வண்டிக்கு 1.17 லட்சம் கட்டினா, 17 லட்ச ரூபா வண்டிக்கு 3.06 லட்சம். வண்டி விலை ரெண்டு மடங்கு கூட ஏறல, வரி ரெண்டரை மடங்குக்கு மேல ஏறிருச்சு. இது போக ஜிஎஸ்டியில ஒரு வேடிக்கை: நெக்ஸான் பெட்ரோல் 1,199 சிசி, அதுக்கு 18 சதவீதம். ஏறக்குறைய அதே நீள அகலத்துல இருக்கிற பிரெஸ்ஸா 1,462 சிசி, அதுக்கு 40. ரோட்டுல பாத்தா அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, பில்லுல பங்காளிச் சண்டை.

அப்பாவோட கடைசி அஸ்திரம் கொழுக்குமலை. "ஒரு நாள் அங்க போணும்டா." போலாம்ப்பா, நல்லாப் போலாம். மலை நம்ம தேனி மாவட்டத்துல இருந்தாலும் வண்டி ஏறுறது கேரளாப் பக்கம் சூரியநெல்லியில இருந்து. பாதை முழுக்க உருட்டுக் கல்லு. அங்கேயே வாடகை ஜீப் இருக்கு, ஓட்டுற அண்ணனுக்கு ஒவ்வொரு கல்லும் அத்துப்படி. வாழ்க்கையில ரெண்டு தடவை போற இடத்துக்கு, புதுசா தவணை கட்டிக்கிட்டு இருக்கிற வண்டியோட அடிவயித்தைக் குடுக்க அப்பாவுக்கே மனசு வராது. எனக்குத் தெரியும்.

மழை வெள்ளத்தையும் சொல்லிடுறேன், ஏன்னா நிறைய பேரு அதுக்காகவே பெரிய வண்டி கேக்கறாங்க. 2024 அக்டோபர் 25-ல மதுரையில கிட்டத்தட்ட 10 செ.மீ. மழை ஒரே நாள்ல கொட்டுச்சு. செல்லூர்ப் பக்கம் தெருவே கண்மாயாச்சு. அந்தத் தண்ணியில வண்டி நிக்கறதுக்குக் காரணம் சக்கரம் இல்ல. இஞ்சின் காத்து இழுக்கிற குழாய் எந்த உயரத்துல இருக்குங்கிறதுதான் விஷயம். தண்ணி அது வழியா உள்ள போனா, பிஸ்டன் அதை அமுக்கப் பாத்து கம்பியே வளைஞ்சிரும். இருபது லட்ச ரூபா வண்டியும் அப்படியே நிக்கும். அந்தத் தண்ணியில வண்டியை எடுக்காம, வீட்டுக்குள்ள உக்காந்து பஜ்ஜி சாப்பிடறதுதான் நல்லது :-)

மலைத்தோட்டத்துல தினம் மூட்டை ஏத்துறவங்க, சிறுமலை உள்காட்டுப் பக்கம் குடியிருக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் ஃபோர் பை ஃபோர் கருவி. கலப்பை மாதிரி. நல்லா வாங்கட்டும். எங்க வீட்டுக்கு 4 மீட்டருக்குள்ள, 200 மி.மீ. உயரம், அஞ்சு பெல்ட், அஞ்சு நட்சத்திரம், இஎஸ்பி உள்ள டூ வீல் டிரைவ் போதும். நெக்ஸானோ எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓவோ, ஓட்டிப் பாத்து அப்பாவே முடிவு பண்ணட்டும்.

இன்னொரு விஷயம், இதை எந்த விமர்சனத்துலயும் போட மாட்டாங்க: சீட்டோட உயரம். அப்பத்தாவுக்கு முழங்கால் மடங்காது. இடுப்பு உயரத்துல சீட்டு இருந்தா முதுகைக் குடுத்து உக்காந்து காலைத் திருப்பிக்கும். தாழ்வான காருல பள்ளத்துல விழற மாதிரி விழும், ரொம்ப உயரமான வண்டியில ஏணி வேணும். ஏணிக்குப் பதிலா வெளியில ஃபுட்போர்டு மாட்டலாம்தான். ஆனா அது கீழ தொங்கி, காசு குடுத்து வாங்கின உயரத்தை அதே தின்னுடும். மடை மேட்டுல மொதல்ல இடிக்கிறது அதுவாத்தான் இருக்கும்.

அதனால வர்ற ஞாயித்துக்கிழமை அப்பத்தாவையும் ஷோரூமுக்குக் கூட்டிட்டுப் போறோம். ரெண்டு வண்டியிலயும் ஏறி இறங்கட்டும். அது விவரமெல்லாம் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு: "அது சரி, கிடாயை எதுலடா ஏத்துவீங்க?" கிடாய்க்குக் குட்டியானை பேசிக்கலாம்னு பெரியப்பா சொல்லிட்டார். வாடகையை அவரே குடுக்கறாராம்.