நண்பகலுக்கு முன் திறக்கும் மதுக்கூடம்

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளின் விற்பனை நேரம் நண்பகல் 12 முதல் இரவு 10 மணி வரை. 2023 மே மாதம் தஞ்சாவூரில், கடை திறக்கும் முன்பே மதுக்கூடத்தில் மது வாங்கிக் குடித்த இருவர் உயிரிழந்தனர். ஆய்வில் சயனைடு கண்டறியப்பட்டது. அதன்பின் பேச்செல்லாம் சயனைடைப் பற்றியதாகவே இருந்தது. மருத்துவர்களாகிய நாங்கள் அந்த நேரத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

மதுவுக்கு அடிமையானவருக்குக் கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கிவிடும். இரவு குடித்தவர் விடியலில் நடுங்குவார். காலையில் கள்ளத்தனமாகத் திறக்கும் மதுக்கூடம் நம்பியிருப்பது அவரைத்தான். விருந்துக்குக் குடிப்பவர் ஏழு மணிக்கு வருவதில்லை. நோயாளியின் நோயையே வருவாயாக்கும் இம்மீறலை அபராதத்தோடு முடித்துவிடுவது எங்களுக்கு ஏற்புடையதன்று. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குவதைவிட இது கொடியது. உரிமத்தை மறு ஆய்வு செய்வோர் இதையே முதலில் விசாரிக்க வேண்டும். காலை விற்பனை எந்தப் பதிவேட்டிலும் இராது. தரமணியிலோ வேளச்சேரியிலோ அத்தெருவில் வாழும் பெண்களைக் கேட்டால் தெரிந்துவிடும்.

குடும்பத்தினருக்கு ஒன்று. மதுக்கூடம் மூடப்பட்டால், நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்த நேரிடும். வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். தானாகச் சரியாகும் என்று காத்திராமல், நடுக்கம் கண்ட அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.