மையவாடி வேலி: காசு சேர்க்க முதல் அளந்து பார்ப்போம்



மையவாடிக்கு முட்கம்பி வேலியும் கேட்டும் போடக் காசு சேர்க்கும் பேச்சு ஊர் வாட்ஸ்அப் குழுமங்களில் ஓடுகிறது. நல்ல வேலை. கபுறுகளை மாடு மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் சும்மா இருக்க மனம் வராது. ஆனால் "எப்படியும் ஒரு ஐம்பது தூண் போகும்" என்ற கண்மதிப்பில் வசூலைத் தொடங்குவது சரியில்லை என்பது என் கருத்து. இடியப்பம் அவித்து விற்கிற உம்மாமாரும் இதற்குத் தருவார்கள். "கம்பி பத்தல்ல" என்று அவர்கள் வாசலில் இரண்டாம் தரம் போய் நிற்க முகம் வேண்டும்.

வேலி, பாதி கட்டினால் பாதிப் பலன் தருகிற சாமான் இல்லை. பெயின்ட் வேலை பாதியில் நின்றால் பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். வேலியில் கடைசி எண்பது அடி திறந்து கிடந்தால் மாட்டுக்கு அதுவே போதும். கட்டிய மீதி எல்லாம் வீண்.

பிழை பேர்ச்சஸில்தான் தொடங்குகிறது. "40 பேர்ச்சஸ் தானே, இவ்வளவு கம்பி போதும்" என்பார்கள். வேலி போடுவது பரப்பளவுக்கு அல்ல, சுற்றளவுக்கு. 40 பேர்ச்சஸ் என்றால் 10,890 சதுர அடி. அது 90க்கு 121 அடியாக இருந்தால் சுற்றளவு 422 அடி. அதே 40 பேர்ச்சஸ் 45க்கு 242 என்று ஒடுங்கி நீண்டு கிடந்தால் 574 அடி. 152 அடி கூட! 8 அடிக்கு ஒரு தூண் வைத்தால் 19 தூண், ஐந்து வரிக் கம்பி இழுத்தால் 760 அடிக் கம்பி வித்தியாசம். எட்டாம் ஆண்டுப் பிள்ளை செய்கிற கணக்கு இது.

அடுத்தது தூண். பேச்சுக்கு அந்த 422 அடியையே எடுப்போம். முன்பக்கம் நடுவில் 12 அடி கேட். மீதி 410 அடி. அதை எட்டால் பிரித்து 51 தூண் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் 51 என்பது இடைவெளி. கேட்டின் ஒரு பக்கத்தில் தொடங்கி மற்றப் பக்கத்தில் முடிகிற வேலிக்குத் தூண் ஒன்று கூட வேண்டும், 52. இதில் கேட்டின் இரண்டு பக்கத் தூணும் அடக்கம். பிறகு, கம்பியை இறுக்கும்போது மூலைத் தூண் உள்ளே சாயும். நான்கு மூலைக்கும் இரண்டிரண்டு உதைகால், கேட் தூண் இரண்டுக்கும் ஒவ்வொன்று, மொத்தம் 10. ஆக 62. 51 என்று வாங்கிப் போனால் பதினொன்று குறையும். வழக்கத்தில் என்ன நடக்கும்? உதைகாலை விட்டுவிடுவார்கள். அடுத்த மாரிக்கு மூலை சரிந்து கம்பி தொங்கும்.

முட்கம்பியைப் பல கடைகளில் கிலோவுக்கு விற்கிறார்கள், நமக்கு வேண்டியதோ அடி. 14 கேஜ் கம்பி 12 கேஜை விட மெல்லிசு. ஒரு கிலோவில் நீளம் கூட வரும், பாரம் தாங்குவது குறைவு. ஆகவே இரண்டு கடை விலையை ஒப்பிடும்போது என்ன கேஜ், கிலோவுக்கு எத்தனை அடி என்று கேட்காமல் "அங்க மலிவு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஐந்து வரிக்கு 2,050 அடி. தூணில் சுற்றுவதற்கும் ஒட்டுப் போடுவதற்கும் நூறு அடி சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டுக்கம்பியை எழுத எல்லோரும் மறப்பார்கள். 52 தூணில் ஐந்து கட்டு, 260 கட்டு.

கேட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆறடிக் கதவு இரண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று பிணைச்சல், நிலத்தில் இறங்குகிற போல்ட், பூட்டுக் கொண்டி. பாரமெல்லாம் பிணைச்சலிலும் தூணிலும்தான் தொங்கும். வேலித் தூணையே கேட்டுக்கும் நட்டால் சில மாதத்தில் கதவு நிலத்தில் இழுபடும். ஜனாஸா வாகனம் வரும் நேரத்தில் நாலு பேர் கேட்டைத் தூக்கிப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள்.

"நம்மட மூத்தவங்க அளந்தா கட்டினாங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர்கள் கட்டியது கிளிசரியாக் கதியால் வேலி. குறைந்தால் பக்கத்து வளவில் இன்னொரு கதியால் வெட்டலாம். கொங்கிரீட் தூண் வளவில் முளைக்காது.

பொருளாகத் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் பத்துத் தூண், இன்னொருவர் வேறு கேஜில் ஒரு ரோல் என்று வந்தால் கணக்கு குழம்பும். லிஸ்டைப் பார்த்து அதில் உள்ளதைத் தாருங்கள். வெட்டாத ரோல் மிஞ்சினால் திருப்பி எடுப்பார்களா என்பதைக் கடைக்காரரிடம் வாங்கும் முன்பே பேசி, பில்லை நிர்வாகம் பத்திரமாக வைக்கட்டும்.

லிஸ்டை எழுதுபவர் சாமான் விற்கிற கடைக்காரராக இருக்கக் கூடாது. நம்மில் நாலு பேர் நூறு அடி டேப்போடு போய் ஒவ்வொரு பக்கத்தையும் அளந்து, படம் கீறி, தொகையோடு பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டுப் பிறகு உண்டியலைத் தூக்குவோம். அளக்க நான் வருகிறேன். அதற்கு முன் எல்லை உறுதியாக வேண்டும். மையவாடியின் பழைய நில அளவைப் படம் யாருடைய வீட்டு அலுமாரியிலாவது இருந்தால் தயவுசெய்து நிர்வாகத்திடம் கொடுங்கள்.