ஐந்தாவது ஜெல்லி

தெருக்கோடி டீயைக்கூட "சர்க்கரை கம்மிதானே?" என்று விசாரித்துவிட்டுக் குடிக்கிற ஜாதி நான். அன்றைக்கு மட்டும் விசாரிக்கவில்லை.

நியூஜெர்ஸியில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவனோடு வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் வீட்டில் ஜூலை 4 பார்ட்டி. மனைவி முழங்கால் வலி என்று தப்பித்துக் கொண்டாள். தோட்டத்தில் ஒரு பக்கம் மாட்டுக்கறி புகைந்து கொண்டிருக்க, சைவமாக ஏதாவது தேறுமா என்று மேஜை மேஜையாக அலைந்தேன். ஒரு தட்டு நிறைய குட்டி பிளாஸ்டிக் கப்புகள். சிவப்பிலும் நீலத்திலும் ஜெல்லி! இரண்டை எடுத்து வாயில் கவிழ்த்தேன். செர்ரி வாசனை, பின்னாலேயே லேசாக இருமல் மருந்து வாசனை. அமெரிக்க செர்ரி அப்படித்தான் போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு.

அரை மணியில், அந்த வீட்டு மாமியாரிடம் காவிரிப் பிரச்னையை விளக்கிக் கொண்டிருந்தேன். இங்கிலீஷில். சரளமாக!

மகன் ஓடி வந்தான். "அப்பா, எத்தனை சாப்பிட்டீங்க?"

"நாலு. ஏன், சுகர் ஏறிடுமா?"

"அதுல வோட்கா இருக்குப்பா!"

ஜெல்லி ஷாட் என்று பெயராம். 85 கிராம் ஜெல்லிப் பொடியை ஒரு கப் வெந்நீரில் கரைத்து, வழக்கமாக ஊற்றும் பச்சைத் தண்ணீரில் பாதிக்குப் பதிலாக வோட்கா. வெந்நீர் கொதிக்கும்போதே ஊற்றக் கூடாது. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். பேராசைப்பட்டு நிறைய ஊற்றினால் ஜெல்லி இறுகாது. பச்சை அன்னாசி போட்டாலும் காலி. அதிலிருக்கும் என்ஸைம் ஜெலட்டினைத் துண்டு துண்டாக்கிவிடும். (டப்பா அன்னாசி சமர்த்து. சூடு பட்டு அடங்கிப் போனது.)

இதைத் தான்தான் ஆரம்பித்து வைத்ததாகச் சொல்லிக் கொண்டவர் டாம் லேரர் என்ற கணக்கு வாத்தியார். நையாண்டிப் பாட்டும் கட்டியவர். 1950களில் ராணுவத்தில் இருந்தபோது, பார்ட்டியில் மதுவுக்குத் தடை. ஜெல்லிக்கு ஏது தடை? ஆனால் 1862-லேயே ஜெர்ரி தாமஸ் என்பவர் தன் புத்தகத்தில் 'பஞ்ச் ஜெல்லி' எழுதி, இதில் சரக்கின் வீரியம் தெரியாது, ஜாஸ்தி சாப்பிட்டால் அப்புறம் நடனமாட முடியாது என்று எச்சரித்திருக்கிறார். காவிரிப் பிரச்னை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மகன் இதையெல்லாம் சொல்லிக் கொண்டிருக்கும்போதே பார்த்தேன். மேஜை விளிம்பில் ஒரு குட்டிக் கை. ஐந்து வயசுப் பேத்தி. சிவப்புக் கப் வாய் வரைக்கும் போய்விட்டது.

"தாத்தா, ஜெல்லோ!"

எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. பிடுங்கினேன். கீழே போட்டிருக்கலாம், தோன்றவில்லை. வாயில் போட்டுக் கொண்டேன். குழந்தை வீறிட்டது. தோட்டமே திரும்பிப் பார்த்தது: பேத்தியின் ஜெல்லியைப் பிடுங்கித் தின்னும் இந்தியத் தாத்தா.

வீட்டுக்காரருக்கு மட்டும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்து, தட்டைத் தூக்கிக் கொண்டு போய் ஃபிரிட்ஜ் தலையில் வைத்தார். எனக்குக் கை நடுக்கம் அடங்க வெகுநேரமாயிற்று. அது வோட்காவால் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேத்தி பாட்டியிடம் ஒப்பித்துவிட்டாள்.

"குழந்தை கையிலேர்ந்து பிடுங்கித் தின்னீங்களாமே?"

நடந்ததைச் சொன்னேன். அவள் கண் கலங்கிப் பேத்தியை இழுத்து அணைத்துக் கொண்டாள். அப்புறம் நிதானமாக, "சரிங்க, அஞ்சாவது குழந்தைக்காக. முதல் நாலு?" என்றாள.

பேச்சை மாற்றுவதற்காக, ஜெலட்டின் பன்றித் தோல், மாட்டு எலும்பிலிருந்தெல்லாம் வருகிறது என்ற பொது அறிவைச் சொல்லித் தொலைத்தேன்.

ஊர் திரும்பும்வரை எனக்குத் தனித் தட்டு.